தேடினால் கிடைக்காத பயிற்சித்தாள்: கற்றல் விளைவுக் குறிப்புகளில் வரும் பழுதுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் ஆசிரியர்கள் தாமே உருவாக்கிய பயிற்சித்தாள்கள், காணொலிகள், வினாத் தொகுப்புகள் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். அத்தகைய தொகுப்பில் ஒவ்வொரு வளத்தோடும் வகுப்பு, பாடம், வாரியம், கற்றல் விளைவு (கற்று முடித்த மாணவரால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்ற வாசகம்) முதலிய விவரங்கள் மீத்தரவாக இணைந்திருக்கும். தொகுப்பு ஒரு விரிதாளாக இருந்தாலும் தனி மென்பொருளாக இருந்தாலும், இந்த மீத்தரவில் நேரும் பழுதுகள் பெரும்பாலும் ஒரே சில வடிவங்களில்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே அறிகுறியிலிருந்து தொடங்கி, செலவில்லாத சோதனையை முதலிலும் செலவு மிக்கதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் தொகுப்பில் காணும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு பயிற்சித்தாளை எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலின் பாதை அதில் ஒரு வரைபடமாக அச்சிடப்பட்டுள்ளது. மாணவர் அட்சக்கோடுகளையும் தீர்க்கக்கோடுகளையும் படித்துப் புயல் இருந்த இடங்களைக் குறித்து, அது நகர்ந்த திசையை எழுத வேண்டும்.

எதையும் திருத்துவதற்கு முன் தொகுப்பின் மீத்தரவு முழுவதையும் தேதியிட்ட ஒரு நகலாக வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். கீழே வரும் திருத்தங்களில் சில, நூற்றுக்கணக்கான வரிசைகளை ஒரே நேரத்தில் மாற்றக் கூடியவை.

## அறிகுறி 1: வளம் தொகுப்பில் இருக்கிறது, தேடினால் வருவதில்லை

முதலில், முந்தைய தேடலில் வைத்த வடிகட்டி நீக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏழாம் வகுப்பு, தமிழ்வழி என்று யாரோ வைத்துவிட்டுப் போன வடிகட்டியே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. அடுத்து, வளம் வரைவு நிலையில் நின்றுவிட்டதா, வெளியிடப்பட்டதா என்று பாருங்கள். பின்னர் அந்த வளத்தின் பதிவைத் திறந்து, ஒவ்வொரு விவரமும் தனக்குரிய கட்டத்தில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை வாசியுங்கள். கற்றல் விளைவு இருக்க வேண்டிய கட்டத்தில் பாடத் தலைப்பு எழுதப்பட்டிருப்பது மிகப் பரவலான பழுது.

### சொற்கள் வேறுபடுகின்றனவா?

பிச்சாவரம் பற்றிய ஒரு தாளை ஒருவர் 'அலையாத்திக் காடு' என்றும், மற்றவர் 'சதுப்புநிலக் காடு' என்றும், இன்னொருவர் 'மாங்குரோவ்' என்றும் குறித்திருப்பார்கள். மூன்றும் புழக்கத்தில் இருப்பவையே. ஒன்றை முதன்மைச் சொல்லாகத் தேர்ந்து, மற்ற இரண்டையும் மாற்றுச் சொற்களாகத் தனிக் கட்டத்தில் சேர்த்துவிட்டால் எப்படித் தேடினாலும் தாள் வரும். வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களைக் குறிச்சொல்லாக எழுதக் கூடாது. தமிழ்ச் சொல்லின் வேரைப் பிரித்தறியத் தெரியாத தேடுபொறி, 'புயலின் பாதை' என்று எழுதப்பட்டதை 'புயல்' என்ற தேடலுக்குக் காட்டாமல் விட்டுவிடக்கூடும். இதற்கு எதிர்மாறான தொல்லையும் உண்டு. 'தானே' என்று மட்டும் குறித்தால், 'அவனே தானே செய்தான்' என்பது போன்ற வரிகளைக் கொண்ட கதைத் தாள்களெல்லாம் முன்னே வந்து நிற்கும்; 'தானே புயல்' என்று சேர்த்தே குறிக்க வேண்டும்.

### சொல் ஒன்றுதான், ஆனாலும் வரவில்லை என்றால்

இங்கேதான் தமிழ்த் தொகுப்புகள் அதிகமாக இடறுகின்றன. சோதனை எளியது. பதிவில் உள்ள சொல்லைத் தட்டச்சு செய்யாமல் அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஒட்டினால் வளம் வந்து, தட்டச்சு செய்தால் வரவில்லை என்றால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்குள் வெவ்வேறாக இருக்கின்றன என்பது உறுதி.

காரணங்கள் நான்கு வகைப்படும். 'ஔவையார்' என்பதன் முதல் எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதியிருக்கலாம். 'பாகூர்' என்பதில் துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டியிருக்கலாம். சில எழுத்துருக்களில் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. 'கொள்ளிடம்' என்பதில் உள்ள ஒகரக் குறி, எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். இரண்டும் செல்லத்தக்கவையே என்றாலும் இயல்பாக்கம் செய்யாத, அதாவது அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவராத மென்பொருள் அவற்றை வேறு சொற்களாகவே கருதும். கடைசியாக, சில விசைப்பலகைகளும் வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டப்பட்ட பகுதிகளும் அகலமில்லாத மறைகுறிகளைச் சொல்லுக்குள் விட்டுச் செல்கின்றன.

முதல் இரண்டையும் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு நீங்களே திருத்தலாம். ஆனால் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், ஏனெனில் 'ஒளி', 'ஒளிவு' போன்ற சொற்களில் ஒகரமும் ளகரமும் முறையாகவே அடுத்தடுத்து வரும். மூன்றாவதற்கு மீத்தரவு முழுவதையும் யூனிகோட் இயல்பாக்கத்துக்கு உட்படுத்த வேண்டும்; மறைகுறிகள் அதில் நீங்காது என்பதால் அவற்றைத் தனியே நீக்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு அது சிறிய வேலை. புதிய பதிவுகள் சேரும்போதெல்லாம் தானாக நடக்கும்படி அமைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

### பழைய எழுத்துரு

பதிவின் வரியை நகலெடுத்துக் கைப்பேசியின் குறுஞ்செய்திப் பெட்டியில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பித் தெரிந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சிடப்பட்டது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது என்றாலும், அதற்குப் பின்னும் உருவான வினாத்தாள்கள் பல இன்றும் இந்த வடிவில் கிடக்கின்றன. எழுத்துரு மாற்றிகளால் மாற்றியபின் ஆங்கிலச் சொற்களும் எண்களும் கலந்த வரிகளை மனிதக் கண் ஒருமுறை பார்த்தாக வேண்டும், ஏனெனில் மாற்றி அவற்றையும் தமிழாக்கிவிடும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் வளம் வரவில்லை என்றால், தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படவில்லை என்று பொருள். அதைத் தொகுப்பின் தொழில்நுட்பப் பொறுப்பாளரிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: கடலூரில் தேடுபவருக்குக் கிடைக்கிறது, புதுச்சேரியில் தேடுபவருக்குக் கிடைப்பதில்லை

கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு இடையே தொலைவு மிகக் குறைவு. ஆனால் அவை பின்பற்றும் பாடத்திட்டங்கள் வேறு. கடலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம் நடைபெறுகிறது. தனக்கெனத் தனி வாரியம் இல்லாத புதுச்சேரியில் பல காலமாக அதே பாடத்திட்டம் இருந்து, அரசுத் தொடக்க வகுப்புகள் 2014-15 முதல் படிப்படியாகவும், 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் பதினொன்றாம் வகுப்பும் 2023-24 கல்வியாண்டிலும், அதற்கடுத்த ஆண்டு 10, 12ஆம் வகுப்புகளும் சிபிஎஸ்இ முறைக்கு மாறின. அந்த மாற்றத்துக்கு முன்பு சேர்க்கப்பட்ட வளங்களில் 'புதுச்சேரி' என்ற குறிப்பு மாநிலப் பாடத்திட்டத்தைக் குறிக்கும், பின்பு சேர்க்கப்பட்டவற்றில் அதே சொல் சிபிஎஸ்இயைக் குறிக்கும்.

வாரியத்துக்கான கட்டத்தில் ஊர்ப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்பதே முதல் சோதனை. இருந்தால் அதை 'இடம்' என்ற தனிக் கட்டத்துக்கு மாற்றி, வாரியத்தின் பெயரை அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் தொடரும் தனியார் பள்ளிகளும் புதுச்சேரியில் இருப்பதால், இடத்தைக் கொண்டு வாரியத்தை ஊகிக்கக் கூடாது.

இரண்டாவதாக, ஒரே கட்டத்தில் காற்புள்ளி இட்டு இரண்டு வாரியங்களையும், பக்கத்துக் கட்டத்தில் காற்புள்ளி இட்டு இரண்டு கற்றல் விளைவுகளையும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எந்த விளைவு எந்த வாரியத்துக்கு உரியது என்று கணினிக்குத் தெரியாது. மனிதருக்கும் ஓராண்டுக்குப் பின் தெரியாது. வளம் எந்த விளைவுக்கு உரியது என்று காட்டும் ஒவ்வொரு பொருத்தத்தையும் தனி வரிசையாக எழுதி, அதில் சட்டகத்தின் (விளைவுகளைப் பட்டியலிடும் ஆவணத்தின்) பெயர், அதன் ஆண்டு, வகுப்பு அல்லது நிலை, பாடம், குறியீடு, விளைவின் முழு வாசகம் ஆகிய ஆறும் இருக்கும்படி செய்யுங்கள். நீளமாகத் தோன்றினாலும் இந்த ஆறில் எதையும் விட முடியாது. தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2023ஐ எடுத்துக்கொண்டால், அதில் ஆயத்த நிலை தொடங்கி ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு நிலையிலும் கலைத்திட்ட இலக்குகள் ஒன்றிலிருந்தே எண்ணிடப்படுகின்றன. வெறுமனே சி-1.1 என்று எழுதினால் அது நடுநிலைக் கணக்காகவும் இருக்கலாம், ஆயத்த நிலை மொழிப் பாடமாகவும் இருக்கலாம். என்சிஇஆர்டி 2017இல் வெளியிட்ட தொடக்கநிலைக் கற்றல் விளைவுகளை ஒட்டி தேசிய அடைவு ஆய்வில் பயன்பட்ட எம்301 போன்ற குறியீடுகளில் எழுத்து பாடத்தையும் முதல் எண் வகுப்பையும் காட்டிவிடுவதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. ஆயினும் எந்த ஆவணத்தின் குறியீடு என்பதை எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது காரணம் செலவு மிக்கது: அந்த வளத்துக்கு மறுவாரியத்தின் பொருத்தமே எழுதப்படாமல் இருப்பது. பாடத் தலைப்புகள் ஒத்திருக்கின்றன என்பதற்காக ஒரு வாரியத்தின் பொருத்தத்தை மற்றதற்கு நகலெடுக்கக் கூடாது. இரு பாடத்திட்டங்களிலும் வரைபடம் உண்டு. ஆனால் எந்த வகுப்பில் திசை, எந்த வகுப்பில் அளவை, எந்த வகுப்பில் அட்சக்கோடு என்பது ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு சட்டகங்களையும் பக்கத்தில் வைத்து, தாளிலிருந்து தொடங்கி இரண்டு முறை தனித்தனியாகப் பொருத்த வேண்டும். ஒரு பாடத்தின் முழுத் தொகுப்புக்கும் இதைச் செய்ய வேண்டியிருந்தால், குழுவிலுள்ள ஆர்வலர்களைக் கொண்டு முடிக்க முயலாமல், இரு பாடத்திட்டங்களையும் கற்பித்த ஆசிரியரையோ, வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் பணியாற்றும் பாட வல்லுநரையோ நாடுவதே முறை.

## அறிகுறி 3: தேடினால் வருகிறது, வகுப்பில் பயன்படுவதில்லை

வளம் காணாமல் போவதைவிட இந்த அறிகுறியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு விளைவைத் தேடிய ஆசிரியருக்கு அதோடு தொடர்பில்லாத நாற்பது தாள்கள் வந்தால், அவர் மறுமுறை அந்தத் தொகுப்புக்கு வர மாட்டார். உழைத்து உருவாக்கிய நல்ல தாள்களும் அவற்றோடு சேர்ந்து மறக்கப்பட்டுவிடும்.

### ஒரே தாளுக்குப் பல விளைவுகள் எழுதப்பட்டிருந்தால்

பொருளைப் பார்த்துக் குறித்ததுதான் இதற்குக் காரணம். தானே புயல் தாளைக் கையில் எடுத்தவர், அது புயலைப் பற்றியது என்பதால் பேரிடர் மேலாண்மை, காற்றழுத்தம், கடலோர வாழ்வு, உள்ளூர் வரலாறு என்று எல்லா விளைவுகளையும் எழுதிவிடுகிறார். ஆனால் அந்தத் தாளில் மாணவர் செய்வது வரைபடத்தைப் படிப்பது ஒன்றே. தாளை முடித்த பிள்ளைக்குப் புயல் ஏன் உருவாகிறது என்று தெரியுமா என்பதை அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பண்ருட்டிப் பலாப்பழங்களை எடைபோடும் கணக்குத் தாளும் அப்படியே: அதில் அளவைகள் உண்டு, உள்ளூர் வேளாண்மை இல்லை.

சோதனை இதுதான். எழுதப்பட்ட ஒவ்வொரு விளைவையும் எடுத்து, மாணவர் நிரப்பித் தந்த தாளை மட்டும் பார்த்து அந்த விளைவை அவர் அடைந்தாரா என்று சொல்ல முடியுமா என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் அந்தத் தாள் அதை 'மதிப்பிடுகிறது'. சொல்ல முடியாவிட்டாலும் அதைப் படிப்படியாகப் பயிற்றுவித்தால் 'கற்பிக்கிறது'. இத்தாளைச் செய்ய அந்த விளைவு முன்பே தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது 'முன்தேவை'. மூன்றிலும் சேராததை நீக்கிவிட்டு, அதைப் பொருள் குறிச்சொல்லாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புயல் என்ற குறிச்சொல் தாளுக்குத் தேவையே. கற்றல் விளைவின் கட்டத்தில்தான் அதற்கு இடமில்லை. ஒரு பக்கத் தாளுக்கு மதிப்பிடும் விளைவு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வரம்பு வைப்பது நல்லது.

தானியங்கி மென்பொருள்கள் பரிந்துரைக்கும் பொருத்தங்களும் பெரும்பாலும் தாளிலுள்ள சொற்களைக் கொண்டே வருவதால் அவற்றிலும் இதே பழுது தலைகாட்டும். பரிந்துரையாக மட்டும் அவற்றை ஏற்று, ஆசிரியர் ஒருவர் ஒப்புதல் தந்த பிறகே பதிவில் சேர்க்க வேண்டும்.

### குறிப்பவருக்குக் குறிப்பவர் மாறினால்

இருபது தாள்களை எடுத்து, இரண்டு ஆசிரியர்களிடம் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காதபடி பொருத்தச் சொல்லுங்கள். பிறகு இருவரையும் உட்காரவைத்து, வேறுபட்ட இடங்களை மட்டும் பேசச் செய்யுங்கள். வேறுபாடுகள் ஒரே விளைவைச் சுற்றியே வந்தால், அந்த விளைவின் வாசகம் மிகப் பொதுவாக இருக்கிறது. அதற்கு இரண்டு வரியில் விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டுத் தாளும் எழுதி வழிகாட்டியில் சேருங்கள். எங்கும் பரவி வந்தால் 'மதிப்பிடுகிறது', 'கற்பிக்கிறது' என்ற பிரிவே இருவருக்கும் ஒன்றாகப் புரியவில்லை. மீண்டும் அங்கிருந்து தொடங்க வேண்டும். பேசிய பின்னும் பாதிக்கு மேல் உடன்பாடு வராவிட்டால் பாட வல்லுநரின் துணை தேவை.

### தாள் வகுப்புக்கு மிக எளிதாகவோ கடினமாகவோ இருந்தால்

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலைப் பிள்ளைக்கு உருவாக்கிய தாளை 'மூன்றாம் வகுப்பு' என்று மட்டும் குறித்தால் குழப்பம் வருவது இயல்பு. வகுப்பும் நிலையும் தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். அதேபோல், பயிற்றுமொழி வேறு, தாளின் மொழி வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத வேண்டாம்.

## அறிகுறி 4: சென்ற ஆண்டு சரியாக இருந்தது, இந்த ஆண்டு இணைப்புகள் தவறாகிவிட்டன

பாடநூல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். என்சிஇஆர்டி 2024இல் மூன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கும், 2025இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் புதிய நூல்களை வெளியிட்டது. 'ஆறாம் வகுப்பு, பாடம் 5' என்று குறிக்கப்பட்ட வளம் இப்போது வேறொரு பாடத்தைச் சுட்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பு வரை மூன்று பருவ நூல்கள் இருப்பதால், பருவம் எழுதப்படாத பாட எண்ணும் இதே போல வழிதவறச் செய்யும்.

பாட எண்ணையும் பக்க எண்ணையும் துணைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, கற்றல் விளைவையே முதன்மை இணைப்பாக்குவதுதான் இதற்கு நிலையான தீர்வு. புத்தகம் மாறினாலும் வரைபடத்தில் இடம் குறிக்கும் திறன் மாறுவதில்லை. அது வகுப்பு விட்டு வகுப்பு நகரக்கூடும், அவ்வளவே. பழைய பொருத்தங்களை அழிக்காதீர்கள். 'எந்த ஆண்டு வரை செல்லும்' என்ற கட்டத்தை நிரப்பி விட்டுவையுங்கள், ஏனெனில் எந்தத் தாள்களை மறுபடி பொருத்த வேண்டும் என்று சொல்லும் பட்டியல் உங்களிடம் அது ஒன்றாகத்தான் இருக்கும். அச்சிட்ட க்யூஆர் குறியீடு வேறிடத்துக்குச் செல்வதும் இதே வகையே. அந்தக் குறியீட்டை உருவாக்கியவர் மட்டுமே அதன் இலக்கை மாற்ற முடியும் என்பதால் அதைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம், உரியவருக்கு எழுதிவிடுங்கள்.

## அறிகுறி 5: விரிதாளைத் திறந்து சேமித்த பின் குறியீடுகள் உருமாறிவிட்டன

3.10 என்ற குறியீடு 3.1 ஆகவும், 5-2 ஒரு தேதியாகவும், 007 வெறும் 7 ஆகவும், இரண்டு எண்களுக்கு நடுவே ஆங்கில 'இ' எழுத்து வரும் குறியீடு பெரிய எண்ணாகவும் மாறியிருந்தால், விரிதாள் அவற்றை எண்ணென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பை உடனே மூடிவிட்டுப் பழைய நகலுக்குத் திரும்புங்கள். 3.1 என்று நிற்பது முன்பு 3.1ஆக இருந்ததா 3.10ஆக இருந்ததா என்று பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே ஊகித்துத் திருத்தக் கூடாது. மீண்டும் கோப்பை ஏற்றும்போது குறியீட்டு நெடுவரிசையை உரை வகையாக அறிவித்துவிட்டு இறக்குமதி செய்யுங்கள். உங்கள் குழுவுக்கெனப் புதிய குறியீடுகளை உருவாக்கும்போது இரண்டு எழுத்துகளோடு தொடங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

தமிழ் எழுத்துகள் மட்டும் கலைந்திருந்தால், கோப்பு யுடிஎஃப்-8 முறையில் திறக்கப்படவில்லை. சேமிக்காமல் மூடி, இறக்குமதித் திரையில் அந்த முறையைத் தேர்ந்து திறந்தால் தரவு நலமாகவே இருக்கும். கலைந்த நிலையிலேயே சேமித்துவிட்டு, நகலும் இல்லையென்றால், நிரலாளரிடம் கொடுங்கள். சில கோப்புகளை அவர்களால் மீட்க முடியும்.

## அறிகுறி 6: வேறு தளத்துக்கு மாற்றும்போது கற்றல் விளைவு மட்டும் காணாமல் போகிறது

தலைப்பும் வகுப்பும் பாடமும் போய்ச் சேர்ந்து, கற்றல் விளைவு மட்டும் சேரவில்லை என்றால், அனுப்பும் தளமும் பெறும் தளமும் அதை வேறு வேறு கட்டமைப்பில் வைத்திருக்கின்றன. முதலில் ஒரே ஒரு வளத்தை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை உரைத் திருத்தியில் திறந்து, விளைவின் வாசகம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பழுது அனுப்பும் பக்கத்தில். ஏற்றுமதி அமைப்பில் அந்தக் கட்டம் தேர்வு செய்யப்படாமல் இருக்கலாம், அதை நீங்களே சரிசெய்யலாம். கோப்பில் இருந்தும் மறுபக்கம் தெரியவில்லை என்றால், கட்டங்களின் பெயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பட்டியல் எழுதப்பட வேண்டும்; அது நிரலாளரின் வேலை.

அவரிடம் செல்லும்போது கோரிக்கையைத் தெளிவாகச் சொல்லுங்கள். கற்றல் வளங்களின் மீத்தரவை எழுதும் முறையை வகுக்கும் எல்ஆர்எம்ஐ விவரக்கூறு (2011இல் தொடங்கி, வலைத்தளங்களுக்கான பொது மீத்தரவுச் சொற்தொகுப்பான ஸ்கீமா.ஆர்கில் 2013இல் சேர்க்கப்பட்டது), பொருத்தத்தின் வகை, சட்டகத்தின் பெயர், விளைவின் பெயர், விளக்கம், இணைய முகவரி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் வைத்திருக்கிறது. உங்கள் வரிசைகளை அந்த அமைப்பில் தரும்படி கேளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் சட்டகத்துக்கு மாறாத அடையாள எண்கள் எங்கும் வெளியிடப்படவில்லை என்றால், உங்கள் தொகுப்புக்குள் ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் அடையாள எண் தந்து, அதை ஒருபோதும் மறுபயன்பாடு செய்யாமல் வைத்துக்கொள்ள வழி செய்து தரச் சொல்லுங்கள். வேலையை ஒப்படைக்கும் முன் அறிகுறி 2இல் சொன்ன ஆறு விவரங்களும் ஒவ்வொரு வரிசையிலும் நிரம்பியிருக்க வேண்டும். சட்டகத்தின் பெயர் விடுபட்ட வரிசையை எவ்வளவு திறமையான நிரலாளராலும் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது; அந்த வரிசைகளை மட்டும் தனியே எடுத்து, தாளை உருவாக்கிய ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்து நிரப்பி வாங்குங்கள்.